தார் ஷீட் போட்ட மொட்டை மாடியும் மேல்வீட்டு கரன்ட் பில்லும்: வேலூர் வாடகை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூரின் புறநகர்ப் பகுதியில் உள்ள இரண்டு தள வீடு இது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மேல்தளத்தில் வாடகைக்கு ஐந்து பேர்: தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் கணவர், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய அம்மா. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை என்று சுமார் 750 சதுர அடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். மேல்வீட்டுக்கு ஈபி மீட்டர் தனி. பில்லைக் கட்டுவது குடியிருப்பவர்கள்.

2024 கோடை வேலூரைப் படுத்திய பாடு அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியிலேயே வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. முந்தைய ஆண்டு தவணையில் வாங்கிய ஒன்றரை டன் ஏசி, மேற்குப் பார்த்த படுக்கையறையில் இரவு முழுக்க ஓடியது. 18-ல் வைத்தும் அறை குளிரவில்லை, கம்ப்ரசர் நிற்கவே இல்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கான ரீடிங் கடைசியில் 780 யூனிட்டைத் தொட்டது. பில் நாலாயிரத்துச் சொச்சம். ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த அம்மாவுக்கு இரண்டு தடவை தலைசுற்றல் வந்து, மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

குடும்பம் யோசித்து வைத்திருந்த தீர்வு இதுதான்: படுக்கையறை ஏசியை இரண்டு டன்னாக மாற்றுவது, ஹாலுக்குப் புதிதாக ஒன்று வாங்குவது. ஏசி கடையிலும் அதையே சொல்லியிருந்தார்கள். எத்தனை டன் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி என்னிடம் வந்தார் கணவர். கட்டடங்களின் எரிசக்திச் செலவை ஆய்வு செய்வது என் தொழில். எத்தனை டன் என்பதற்கு முன்னால், அந்த வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அங்கே போனேன்.

வீட்டுக்குள் பார்த்தது

ஹாலில் நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். "பகல்ல கூட எப்படியோ ஓட்டிடலாம் கண்ணு, ராத்திரி ஃபேன் போட்டா நெருப்பா கொட்டுது." இந்த ஒரு வரியில் பாதி விடை இருந்தது. பகலைவிட இரவு மோசம் என்றால், வெளிக்காற்றின் சூட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பகலில் எங்கேயோ சேர்ந்த வெப்பம் இரவில் இறங்குகிறது.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் கூரையின் உட்புறத்தை நேரம் விட்டு நேரம் அளந்தோம். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது. அது உடல் வெப்பநிலைக்கு மட்டுமே ஆனது. தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் வகை வேண்டும். பளபளப்பான உலோகப் பரப்பில் அதுவும் தவறாகக் காட்டும்.) பகல் 2 மணிக்கு வெளிக்காற்று 41 டிகிரி, ஹாலின் சீலிங் 37. சாயங்காலம் ஐந்தரைக்கு சீலிங் 41. இரவு எட்டுக்கு 43. அந்த நேரத்தில் வெளியே காற்று 34-க்கு இறங்கியிருந்தது. இரவு 11 மணிக்கும் சீலிங் 40-ல் நின்றது. விடியற்காலையில்தான் 34.

கான்கிரீட் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். நிறையச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். நாலரை அங்குலத் தளமும் அதன் மேல் பழைய சுண்ணாம்பு ஜல்லித் தளமும் சேரும்போது, உச்சி வெயிலில் மேலே விழுந்த வெப்பம் உள்பக்கம் வந்துசேர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, சூரியன் இறங்கிய பிறகு கூரை சுடத் தொடங்குகிறது.

அப்படிச் சுடும் சீலிங் அறையைச் சூடாக்குவது இரண்டு விதத்தில். அதை ஒட்டிய காற்று சூடாகிறது. ஃபேன் அந்தக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. அம்மா சொன்ன நெருப்பு அதுதான். இரண்டாவது, கதிர்வீச்சு. காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் 43 டிகிரிப் பரப்பு ஒன்று தலைக்கு மேல் இருந்தால் உடம்பு அதை நேரடியாக உணரும். ஏசியை 18-ல் வைத்தும் புழுங்குகிறது என்று அந்தக் குடும்பம் சொன்னது கற்பனை அல்ல. ஏசி காற்றைக் குளிர வைக்கிறது. சீலிங் உடம்பைச் சுடுகிறது.

படுக்கையறைக்கு ஒரு கணக்குப் போட்டேன். அறை 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். சீலிங் 43, அறைக்காற்று 27 என்றால் 16 டிகிரி வித்தியாசம். ஒவ்வொரு சதுர மீட்டரும் டிகிரிக்கு ஏறக்குறைய 7 வாட் கொட்டுகிறது என்று வைத்தால், கூரை மட்டும் 1,200 வாட்டுக்கு மேல் அறைக்குள் தள்ளுகிறது. ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். (ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம், பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய காலத்தின் அளவை இன்றும் வைத்திருக்கிறோம்.) ஆக, ஒன்றரை டன்னில் ஏறக்குறைய ஒரு டன்னின் மூன்றில் ஒரு பங்கு, தலைக்கு மேல் இருக்கும் கூரையோடு சண்டை போடவே போய்விடுகிறது. இரண்டு டன் வாங்கினால் சண்டை பெரிதாகும், வெப்பம் வரும் வழி அப்படியே இருக்கும்.

மற்றவை இரண்டாம்பட்சம். மேற்குச் சுவரின் உட்புறம் இரவு எட்டுக்கு 39 டிகிரி. ஹாலிலும் படுக்கையறையிலும் பழைய 75 வாட் ஃபேன்கள். ஏசி பொருத்தியபோது வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லா ஜன்னலும் சாத்தியாகிவிடும், கொசு. இந்தக் கொசு விஷயம் பின்னால் நான் நினைத்ததைவிடப் பெரியதாக வந்து நின்றது.

மொட்டை மாடியில் பார்த்தது

மாடி ஏறியதும் காரணம் கண்ணில் பட்டது. மொட்டை மாடி முழுவதும் கறுப்பு.

இந்த ஊர் வீடுகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். இங்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நாலைந்து வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஹால் மூலையில் ஒழுகியிருக்கிறது. அப்போது வேலைக்கு வந்தவர்கள் தட்டோட்டின் மேல் தார் ஷீட்டை நெருப்புக் காட்டி ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒழுகல் நின்றது. வீட்டுக்காரருக்குத் திருப்தி. அந்த நேரத்தில் மேல்வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

பகல் 2 மணிக்கு தார் ஷீட்டின் மேல்பரப்பு 66 டிகிரி. கைப்பிடிச் சுவரோரம் ஷீட் போடாமல் விட்ட ஓரடி தட்டோடு 55. செருப்புக்கு அடியில் ஷீட் மெத்தென்று அமுங்கியது. எடுத்த காலோடு லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது.

வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்கு மாலை வெயில். கூரைக்கு நாள் முழுக்க. தெளிந்த நாளில் உச்சி நேரத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைப் பரப்பு அதில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் தார் கிட்டத்தட்ட அத்தனையையும் விழுங்கும்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஒழுகாம இருக்கணும்னுதானே சார் போட்டேன்? இத எடுத்தா மறுபடி ஒழுகுமே?" கீழ்வீட்டில் இருப்பவருக்கு மேல்வீட்டுச் சூடு தெரிய வழியில்லை, அவருக்கு மேலே ஒரு வீடே குடையாக இருக்கிறது. கூரை அவருடையது, அது உண்டாக்கும் பில் இன்னொருவருடையது. வாடகை வீடுகளில் வெப்பப் பிரச்சினை இழுத்துக்கொண்டே போவதற்கு, நான் பார்த்தவரை, இதுதான் முதல் காரணம். இங்கே யாரும் கெட்டவர் இல்லை. கணக்குதான் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது.

எடைபோட்ட வழிகள்

உள்பக்கம் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லி ஒரு ஒப்பந்தக்காரர் விலை கொடுத்திருந்தார். அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். நடுவில் காப்புப் பலகை வைத்தால் அறைக்குள் இறங்கும் வெப்பம் குறையும். ஆனால் கான்கிரீட் அதே 66 டிகிரித் தார் ஷீட்டுக்கு அடியில் தினமும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். விரிசலும் ஒழுகலும் அதில்தான் தொடங்குகின்றன. அறையின் உயரம் குறையும். சாதாரணத் தெர்மாகோலைத் திறந்தாற்போல உள்ளே ஒட்டுவது தீ பிடித்தால் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேல், வாடகைக்கு இருப்பவர் தன் காசில் அடுத்தவர் சீலிங்கில் போடும் முதலீடு அது. காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போக முடியாது.

தண்ணீர் தெளிப்பது, சாக்கு நனைத்துப் போடுவது எல்லாம் வேலை செய்யும். ஆனால் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்னங்கீற்றுப் பந்தல் நல்ல நிழல். காற்றுக்கும் தீக்கும் பயந்து வீட்டுக்காரர் மறுத்தார்.

மலிவான வழி சுண்ணாம்பு. சிமென்ட் தளத்திலோ தட்டோட்டிலோ என்றால் யோசிக்காமல் முதலில் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். தாரின் மேல் அது நிற்குமா என்பது சந்தேகமாக இருந்ததால், ஜூன் மாதம் மாடியின் ஒரு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கட்டங்கள் அடித்துப் பார்த்தோம். ஒன்றில் சுண்ணாம்பும் பசையும். மற்றதில் தார்ப் பரப்புக்கென்று உள்ள பிரைமர் ஒரு கோட், அதன் மேல் வெள்ளை அக்ரிலிக் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். சுண்ணாம்புக் கட்டம் ஒரு வாரத்துக்குள் செதில் செதிலாகக் கிளம்பியது; மிஞ்சிய இடத்திலும் தாரின் எண்ணெய் ஊறி மஞ்சள் படிந்தது. அக்ரிலிக் கட்டம் நின்றது. ஒரே பிற்பகலில் சுற்றியுள்ள தார் 63, வெள்ளைக் கட்டம் 45. வீட்டுக்காரரை மாடிக்கு அழைத்து இரண்டிலும் கை வைக்கச் சொன்னோம். தாரில் வைத்த கையை உடனே எடுத்தார். அதற்கு அப்புறம் பேச்சு சுலபமாயிற்று.

மிகச் சிறந்த வழி, வெளிப்புறக் காப்பு: ஷீட்டின் மேல் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரின் நுரை) பலகை பரப்பி, அதன் மேல் கோழிவலை வைத்துச் சிமென்ட் கலவைத் தளம், அதன் மேல் வெள்ளை ஓடு. இந்தப் பலகையின் நுண்ணறைகள் மூடியவை. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. அதனால் நீர்த்தடுப்புக்கு மேலேயே போடலாம். தார் ஷீட்டும் வெயில் படாமல் காப்பாற்றப்படும். எடுத்தால் ஒழுகுமே என்ற பயத்துக்கு இதுதான் பதில்: ஷீட்டை எடுக்க வேண்டாம், மூடினால் போதும்.

எண்ணில் சொன்னால், வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா (2018), கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்தக் கூரையின் கணக்கு 2.5-ஐ ஒட்டி வந்தது. இரண்டு அங்குலப் பலகை வைத்தால் 0.5 அளவுக்கு இறங்கும்.

தடை இரண்டு. ஒன்று செலவு. மற்றது பாரம், பழைய ஜல்லித் தளத்தின் மேல் இன்னொரு சிமென்ட் தளமும் ஓடும் ஏறுகிறது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். தளம் எங்கும் தொய்யவில்லை, கம்பி துருப்பிடித்த விரிசல் இல்லை, ஹாலும் மேற்கு அறையும் குறுகிய அகலம், அங்கே தாங்கும் என்று சொன்னார். மீதி இடத்தில் வேண்டாம் என்றார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

ஹாலுக்கும் மேற்குப் படுக்கையறைக்கும் மேலே காப்புப் பலகையும் வெள்ளை ஓடும். சமையலறைக்கும் மற்ற அறைக்கும் மேலே பிரைமரும் வெள்ளைப் பூச்சும். புது ஏசி எதுவும் வேண்டாம்.

ஹாலை முதலில் வைத்தது அம்மாவுக்காக. வயதானவர்களின் உடம்பு சூட்டைத் தாங்கிக்கொள்ளும் சக்தி குறைவு. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பின் நீர்ச்சத்தையும் குறைக்கும். இரவில்கூட உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வெயிலை எதிர்கொள்ளத் தெம்பு இருக்காது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றால் வெள்ளத்தை நினைக்கிறோம். இந்த வீட்டில் அது ஹாலில் ஒரு கட்டிலின் மேல், இரவு எட்டு மணிக்கு, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

செலவைப் பகிர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. கூரை வேலை முழுவதும் வீட்டுக்காரர் செலவு. பதிலாக வாடகை மாதம் 500 ரூபாய் கூடும். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஏற்றமில்லை. ஃபேன், ஜன்னல் வலை போன்ற கழற்றி எடுத்துப் போகக் கூடியவை குடியிருப்பவர் செலவு. பில் குறைவதில் குடும்பத்துக்கு அந்த 500-க்கு மேல் மிஞ்சுமா என்று கணவர் கேட்டார். கோடையில் மிஞ்சும், மழைக்காலத்தில் மிஞ்சாது என்று சொன்னேன். "அம்மா தூங்கினா போதும்" என்றார் மனைவி. அக்ரிமென்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வேலை நடந்த விதம்

ஆடி மாதம் வைத்துக்கொண்டோம். புது வீட்டு வேலைகள் தொடங்காத மாதம் என்பதால் கொத்தனார் கிடைத்தார். இது பழுதுபார்ப்புதானே என்று வீட்டுக்காரரின் மனைவியும் ஒத்துக்கொண்டார்.

கொத்தனார் அனுபவசாலி, ஆனால் இந்தப் பலகையைத் தொட்டதில்லை. தார்க் கரைசல் தடவி ஒட்டிவிடலாமா என்று கேட்டார். ஒரு துண்டுப் பலகையில் அந்தக் கரைசலைச் சொட்டினோம். சொட்டிய இடத்தில் பலகை குழிந்து, ஓரங்கள் சுருங்கி உள்ளே போயிற்று. பெட்ரோலிய கரைப்பான் கலந்த எதுவும் இந்தப் பொருளைத் தின்றுவிடும். எனவே ஒட்டாமல் பரப்பினோம். ஒரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி வைத்தோம். மேலே ஏறும் தளத்தின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும்.

அதிக நேரம் எடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு. மழைநீர்க் குழாய் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. பாதி மாடி இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டால் மீதிப் பாதியில் தண்ணீர் தேங்கும். கொத்தனார் நூல் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, உயர்ந்த பகுதியின் ஓரத்தைச் சரிவாக இழுத்துக் குழாய்ப் பக்கம் விட்டார். இந்த இடத்தில் அவர் கைத்திறன் இல்லாவிட்டால் சூட்டைக் குறைக்கப் போய் ஒழுகலை வாங்கியிருப்போம். தளம் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். சாயங்கால மழைக்குத் தார்ப்பாய்.

ஓடு தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பான வெள்ளை ஓட்டை வேண்டாம் என்றோம். மழை நாளில் வழுக்கும். துணி காயப்போட ஏறுகிறவர்கள் வயதானவர்கள். சொரசொரப்பான வெள்ளை ஓடு வைத்தோம். மற்ற பகுதியில் வெள்ளைப் பூச்சை விடியற்காலையில் மட்டும் அடித்தோம். சுடும் பரப்பில் அடித்தால் பூச்சு பிடிக்கும் முன் காய்ந்துவிடும்.

கீழே ஃபேன் இரண்டையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மோட்டார் வகைக்கு மாற்றினார்கள். வென்டிலேட்டர் தெர்மாகோலை எடுத்துவிட்டு மரச்சட்டத்தில் திறந்து மூடும் பலகை வைத்தார்கள். ஹாலின் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டுக்கும் கொசுவலைச் சட்டம்.

அதன் பிறகு

2025 ஏப்ரலில், வெளிக்காற்று 40 டிகிரி இருந்த ஒரு நாளில் மறுபடி அளந்தோம். பகல் 2 மணிக்கு வெள்ளை ஓட்டின் மேல்பரப்பு 44. இரவு எட்டுக்கு ஹாலின் சீலிங் 34. முந்தைய ஆண்டு அதே நேரத்தில் 43. வெறும் வெள்ளைப் பூச்சு மட்டும் உள்ள சமையலறை சீலிங் 37. காப்புப் பலகை சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் செலவில் ஒரு சிறு பகுதிக்கு வெள்ளைப் பூச்சு இவ்வளவு செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பணம் இல்லாதவர் அதோடு நின்றாலே நல்ல பலன்.

ஏசி இப்போது 26-ல் ஓடுகிறது, மேலே ஃபேன் மெதுவாக. அறை ஆறியதும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும் சத்தம் கேட்கிறது என்று கணவர் சொன்னார். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. அந்த அளவில் வைத்து நிம்மதியாகத் தூங்க, கூரையும் ஒத்துழைக்க வேண்டும்.

ஏப்ரல், மே ரீடிங் 548 யூனிட். முந்தைய ஆண்டைவிட 232 குறைவு. இதில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். ஹால் ஃபேன் நாளுக்கு 20 மணி நேரமும் அறை ஃபேன் 10 மணி நேரமும் ஓடினால், ஃபேன் ஒன்றுக்கு 45 வாட் மிச்சத்தில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 80 யூனிட். மீதி 150, ஏசியில் குறைந்தது. அந்த 150 முழுவதையும் கூரையின் கணக்கில் எழுத முடியாது. 18-லிருந்து 26-க்கு ஏற்றியதும் அதில் இருக்கிறது. கூரை ஆறியதால்தான் ஏற்ற முடிந்தது என்றாலும். இன்னொன்று, 2025 கோடை 2024 அளவுக்குக் கொடூரமாக இல்லை. தென்மேற்குப் பருவமழை மே 24-லேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. ஆகவே பில்லைவிட, ஒரே மாதிரி வெயில் உள்ள நாட்களில் எடுத்த சீலிங் அளவையே நான் சாட்சியாக வைப்பேன்.

548 என்பதில் குடும்பத்துக்குச் சிறு ஏமாற்றம். 2025-ல் இருந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் இருந்தால் ஒரு விகிதம். தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். 48 யூனிட்டில் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ரீடிங் 470-க்குக் கீழே வந்தது.

எதிர்பாராதது இரவுக் காற்றோட்டம். காப்புப் போட்ட கூரை வெளிவெப்பத்தை உள்ளே விடாததைப் போலவே உள்வெப்பத்தையும் மேலே விடாது. சமையல், ஃபிரிட்ஜ், ஐந்து பேரின் உடம்பு எல்லாம் சேர்க்கும் சூடு ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். ஏசி இல்லாத ஹாலில் ஜன்னல் சாத்திய ஓர் இரவு 32-லேயே நின்றது. இரு பக்கமும் திறந்து வைத்த இரவு 29 வரை இறங்கியது. கொசுவலைச் சட்டம் இல்லாதிருந்தால் ஜன்னலைத் திறந்திருக்கவே மாட்டார்கள். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவு அந்தச் சட்டங்கள்தான்.

வெள்ளை அழுக்காகும் என்பதும் தெரிந்தது. பொங்கலுக்குள் பூச்சுப் பகுதி சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ச்சில் கழுவுவதற்கு முன் பிற்பகலில் 51, கழுவிய மறுநாள் 46. ஓட்டுப் பகுதியில் இந்தக் கவலை இல்லை. வீட்டுக்காரரின் மனைவி வடகம் காயவைக்க அதைக் கூட்டித் துடைத்தே வைத்திருக்கிறார். நண்பகலில் கண் கூசுகிறது என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அந்தக் கோடையில் தலைசுற்றல் வரவில்லை. ஒரு கோடையை வைத்து மருத்துவ முடிவு எதுவும் நான் சொல்ல மாட்டேன். இரவில் எழுந்து முற்றத்துப் படியில் உட்கார்வது நின்றுவிட்டது என்று மருமகள் சொன்னதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி இப்படி ஒரு வீடு வந்தால்

வரிசையை மாற்றுவேன். கொசுவலையும் வென்டிலேட்டரும் ஃபேனும் மே மாதமே முடிந்திருக்கலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லாத வேலைகள் அவை. கூரைக்காகப் பேச்சுவார்த்தை நடந்த வாரங்களில் அம்மாவுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும்.

ஏசிக்குத் தனியாக ஒரு யூனிட் மீட்டரை வேலைக்கு முன்பே பொருத்துவேன். அப்போது 150 யூனிட்டைப் பற்றி மேலே சொன்ன ஊகமெல்லாம் தேவைப்படாது.

வீட்டுக்காரர்களிடம் பேசும்போது ஒழுகலில் இருந்து தொடங்குவேன். மாடியில் நீர்த்தடுப்பு வேலைக்கு ஆள் வந்து நிற்கும் நாளில் காப்புப் பலகையைச் சேர்த்துப் போட்டால் கூலி ஒருமுறைதான். அன்றைக்கு வசதி இல்லை என்றால், மேல்பக்கம் வெள்ளையாகவோ அலுமினியமாகவோ உள்ள ஷீட்டையாவது கேட்டு வாங்க வேண்டும். வெறும் கறுப்பு ஷீட்டை வெயிலில் விட்டுவைப்பது கூரைக்கும் நல்லதில்லை, ஷீட்டுக்கும் நல்லதில்லை.

மேற்குச் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. கடைசியாக அளந்தபோதும் இரவு எட்டுக்கு 39. ஜன்னலுக்கு உள்பக்கம் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை உள்ளே தடுத்துப் பெரிய பயனில்லை, நிழல் வெளியே விழ வேண்டும். சுவரில் இருந்து ஓரடி தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி மூங்கில் தட்டி கட்டலாம், அல்லது கொடி ஏற்றலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். சட்டத்தின் செலவு யாருடையது என்று இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தை மாதத்துக்குள் முடிவானால் அடுத்த கோடைக்கு முன் வேலை முடிந்துவிடும்.